கரியும் கணக்கும்



முகத்தில் கரி பூசுவது என்றால் நம் ஊரில் அவமானம். கரி என்றாலே நமக்கு இளக்காரம். எரிந்து முடிந்ததன் மிச்சம், அடுப்படியின் அழுக்கு. ஆனால் அந்தக் கரிதான் எனக்குச் சோறு போட்டது. என் தந்தையார் அந்தமானில், போர்ட் பிளேயரில், இஸ்திரிக் கடை வைத்திருந்தார். (2024-இல் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பழகிய வாய் இன்னும் பழைய பெயரையே சொல்கிறது.) பித்தளைப் பெட்டியின் வயிற்றில் எப்போதும் சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருக்கும். வேறு கரியை அவர் தொடமாட்டார். "மரக்கரி பொரிந்து துணியைச் சுட்டுவிடும்; சிரட்டைக் கரி நின்று எரியும்" என்பார். ஒரு மூட்டை என்ன விலை என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தக் கரிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கடல் கடந்து வந்து இரசாயனம் படிக்கும்வரை எனக்கும் தெரியாது.

தெரிந்தபின் மகிழ்ச்சி வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. நம் வீட்டுப் பொருளின் கணக்கை அயலார் எழுதி வைத்திருக்க, நாம் அதை மூட்டைக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோமே என்ற வெட்கம் அது. அதை உங்களோடு பங்கிட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான்கு கிராமில் ஓர் ஏக்கர்

சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டால் கரி கிடைக்கிறது. அந்தக் கரியை 800 முதல் 1000 டிகிரி வரையிலான சூட்டில் வைத்து அதன்மேல் நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்துத் தின்று, எண்ணற்ற நுண்துளைகளைக் குடைகிறது. இப்படிச் செய்ததைக் கிளர்வூட்டிய கரி என்கிறோம். வணிகர் வாயில் அது ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அதற்கும் குறுகிய துளைகள் அதில் நிறைய உண்டு. அத்துளைகளின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்துப் பார்க்க முடிந்தால், நல்ல கரியில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஓர் ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். ஆக, உள்ளங்கையில் அடங்கும் நான்கு கிராம் கரிக்குள் ஓர் ஏக்கர் நிலம் மடிந்து கிடக்கிறது! ஏக்கருக்காக வழக்குப் போடும் நாம் இந்த ஏக்கரைக் கண்டுகொள்ளவே இல்லை.

இந்தச் சுவர்களில் வாயுக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரை நீருக்குள் கரைந்து கலப்பது ஒன்று. வெல்லத்தின்மேல் ஈ மொய்ப்பது மற்றொன்று. கரியில் நடப்பது இரண்டாவது வகை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். இலங்கைத் தமிழ் மாணவர்கள் புறத்துறிஞ்சல் என்று படிக்கிறார்கள். இரண்டும் பொருள் விளங்கும் சொற்கள்.

இந்தக் கவர்ச்சியை முதலில் கண்டு எழுதியவர்கள் யார்? ஸ்வீடனில் ஷீலே 1773-இலும், இத்தாலியர் ஃபொன்டானா 1777-இலும், கரி வாயுவை விழுங்குவதைக் கண்டார்கள். பலவகைக் கரிகளைச் சோதித்து, தேங்காய் ஓட்டுக் கரியே வாயுக்களை மிகுதியாகக் கவர்கிறது என்று 1860-களில் எழுதியவர் ஹண்டர் என்ற இரசாயன அறிஞர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவார் தேங்காய்க் கரியைத் திரவக் காற்றில் குளிர்வித்து அளந்தார். அவர் தந்த கணக்கைக் கேளுங்கள்: ஒரு கன சென்டிமீட்டர் கரி, 0 டிகிரியில் 18 கன சென்டிமீட்டர் பிராணவாயுவைக் கவர்ந்தது, பூஜ்யத்துக்குக் கீழே 185 டிகிரியில் 230 கன சென்டிமீட்டரைக் கவர்ந்தது. ஹைட்ரஜனுக்கு அதே எண்கள் 4, 135. ஹீலியத்துக்கோ 2, 15 மட்டுமே. குளிர்ந்தால் மிகுதியாகக் கவர்கிறது. வாயுவுக்கு வாயு கவர்ச்சி வேறுபடுகிறது. இவ்விரு உண்மைகளும் அந்தச் சில எண்களுக்குள் அடங்கியிருக்கின்றன.

பிறகு வந்தது முதல் உலகப் போர். 1915 ஏப்ரலில் ஈப்ர போர்முனையில் குளோரின் புகை எழுந்தது. முகமூடிக்குள் கரி வைக்க வேண்டிய தேவை பிறந்தது. 1918-இல் அமெரிக்க மக்கள் பீச் பழக் கொட்டைகளையும் ஓடுகளையும் வீடு வீடாகச் சேகரித்துத் தந்தார்கள். தேங்காய் ஓடு போதிய அளவு கிடைக்காத குறைக்கு அவை ஈடு. எண்ணிப் பாருங்கள். தென்னை வளராத நாடுகளில் தென்னையின் பெருமையை எண்ணில் எழுதினார்கள். தென்னையடியில் பிறந்த நாம் அதைப் பாட்டில் பாடியதோடு நின்றுவிட்டோம்.

தீவுகளின் சிரட்டை

எங்கள் தீவுகளைப் பற்றித் தமிழ் மேடைகளில் ஒரு பெருமையைத் தவறாமல் சொல்வார்கள். முதலாம் இராஜேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டில், 1030-இல், மாநக்கவாரம் என்ற பெயர் வருகிறது; அது இன்றைய நிக்கோபார். பெருமைதான். ஆயிரம் ஆண்டுக்கு முன் கப்பலில் போனோம் என்பதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் இன்று அங்கே என்ன விளைகிறது, அதில் என்ன செய்யலாம் என்று கேட்டால் மேடை மௌனமாகிவிடும்.

அங்கே விளைவது தென்னை. நிக்கோபார் மக்களுக்குத் தேங்காய் உணவு, பன்றிக்குத் தீனி, ஒரு காலத்தில் நாணயமும்கூட; வந்து போன கப்பல்காரர்களோடு தேங்காயை எண்ணித்தான் பண்டம் மாற்றினார்கள். அங்கே தோப்பு தனி ஒருவருக்குச் சொந்தமன்று. துஹெட் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து கடலோரத் தோப்புகளைப் பெருமளவில் அழித்துவிட்டுப் போனது. நட்ட தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தமானிலோ வங்காளிகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எனப் பலரும் தென்னை வளர்க்கிறார்கள். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கொப்பரை கப்பலேறிப் போகிறது. சிரட்டையோ கொப்பரையை உலர்த்தும் அடுப்பில் எரிகிறது. கொஞ்சம் கரியாகி என் தந்தையார் போன்றவர் கடைக்கு வருகிறது. அதே சிரட்டையை வைத்துப் பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் தொழிற்சாலைகள் நடக்கின்றன. இலங்கையில் 1973-இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் தேங்காய் ஓட்டுக் கரியில் உலகச் சந்தையில் பெயர் பெற்றுவிட்டது.

தீவுகளுக்கு இந்தக் கரியால் என்ன பயன்? இரண்டைச் சொல்கிறேன்.

எங்கள் தீவுகளில் மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் எந்திரங்களிலிருந்து வருகிறது. டீசல் கப்பலில் வருகிறது. வட அந்தமானில் கல்போங் நீர்மின் நிலையம் 5.25 மெகாவாட் அளவுதான். இந்த நிலையில், 2025 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. அந்தமான் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில் ஆயில் இந்தியா நிறுவனம் துளைத்த கிணற்றில் இயற்கை வாயு தென்பட்டது; மாதிரியில் 87 விழுக்காடு மீதேன் என்று அறிவித்தார்கள். தென்பட்டது என்பதற்கும் தொழிலுக்குத் தேறும் என்பதற்கும் தூரம் அதிகம். ஆயினும் மீதேன் என்றதும் கரியின் நினைவு வரவேண்டும். ஊர்திகளில் இயற்கை வாயுவை 200 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலாக அமுக்கித்தான் நிரப்புகிறார்கள். அதற்குக் கனத்த உருளை வேண்டும். விலையுயர்ந்த அமுக்கு எந்திரமும் வேண்டும். கிளர்வூட்டிய கரியை உருளைக்குள் நிரப்பிவிட்டால் ஏறத்தாழ 35 வளிமண்டல அழுத்தத்திலேயே, உருளையின் கொள்ளளவைப் போல் நூறு மடங்குக்கும் மேலான வாயுவை அடக்கலாம். வெறும் உருளையில் அதே அழுத்தத்தில் 35 மடங்குக்குச் சற்று மேல்தான் அடங்கும். சிறுசிறு தீவுகளுக்குப் படகில் வாயு கொண்டுபோக வேண்டிய இடத்தில் இந்த வேற்றுமை சிறியதன்று.

இரண்டாவது பயன் பனிக்கட்டி. மீன் பிடிக்கும் ஊருக்குப் பனிக்கட்டிதான் உயிர். கரி குளிரும்போது ஆவியைக் கவரும், சூடாகும்போது விடும். இந்த ஒரு குணத்தை வைத்தே, மின்சாரம் அதிகம் செலவழிக்காமல், வீணாகும் வெப்பத்தைக்கொண்டு குளிர்பதன எந்திரம் ஓட்ட முடியும். டீசல் எந்திரத்தின் புகைக்குழாய் வழியே நாள்தோறும் வெளியேறும் சூட்டை நினைத்துப் பாருங்கள். இது கனவுப் பேச்சன்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கே. சீனிவாசன், பிரதீப் தத்தா முதலியோர், குளிர்பதன வாயு ஒன்றைக் கிளர்வூட்டிய கரி எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு கவர்கிறது என்று அளந்து 2001-இல் வெளியிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி. பௌதிகத் துறையில் ராமபிரபுவும் அவர் மாணவரும், கரியின் உடன்பிறப்பான கிராஃபீன் கரியமில வாயுவை உயர் அழுத்தத்தில் எவ்வளவு கவர்கிறது என்று அளந்து 2011-இல் எழுதினார்கள். முதலில் அளவு, பிறகுதான் எந்திரம்.

இரண்டு தாள்கள், இரண்டு எண்கள்

"சரி, யாரோ அளந்துவிட்டார்களே! அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

ஒரு விடுமுறை முடிந்து திரும்பும்போது, ஊரிலிருந்து ஒரு பை சிரட்டைக் கரி கொண்டுவந்தேன். ஆய்வகத்து உலையில் நீராவி செலுத்திக் கிளர்வூட்டினேன். ஒரே புட்டியிலிருந்து எடுத்த கரியை இரண்டு வெளி ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் கட்டி அனுப்பினேன். இரண்டு தாள்கள் வந்தன. இரண்டிலும் அழகாக அச்சிட்ட ஒவ்வோர் எண். ஒன்றைவிட மற்றொன்று கால்பங்கு அதிகம்! ஒரே கரிக்கு இரண்டு பரப்பா? எழுதிக் கேட்டேன். ஓரிடத்திலிருந்து பதிலே இல்லை. மற்றோரிடத்தில், "எந்திரம் தந்த எண் அது" என்றார்கள். மாதிரியை எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் உலர்த்தினார்கள் என்று கேட்டதற்கு விடை இல்லை. பின்னர் எங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து, மீதமிருந்த கரியை நன்கு சூடாக்கி வெற்றிடத்தில் வைத்து எடை பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. கரி ஈரம் குடித்திருந்தது. ஈரத்தைப் போக்காமல் அளந்தால் துளைகளை நீர் அடைத்துக்கொள்கிறது. நீரின் எடையும் கரியின் எடையாகக் கணக்கில் ஏறுகிறது. பரப்பு குறைந்துதானே தெரியும்?

தோழர்களே, ஒரு வியாபாரி அந்தத் தாள்களில் எது தமக்குச் சாதகமோ அதைக் காட்டி விலை பேசுவார். தோப்புக்காரர் என்ன செய்வார்? தராசில் ஏமாற்றினால் நம் மக்களுக்குத் தெரியும். எண்ணில் ஏமாற்றினால் தெரியாது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவன் ஊருக்கு ஒருவனாவது வேண்டும். அவன் நாமாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அளப்பது எப்படி?

பெரிய எந்திரம் என்று மலைக்க வேண்டாம். இரண்டு எஃகுக் கலங்கள், நடுவே ஒரு வால்வு, ஓர் அழுத்தமானி, ஒரு வெற்றிடப் பம்பு, வெப்பநிலை மாறாமல் காக்க ஒரு நீர்த் தொட்டி. முதல் கலத்தில் 100 கன சென்டிமீட்டர் இடம். இரண்டாவது கலத்தில் கரி; கரி போக மீதியிடமும் 100 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். (அந்த மீதியிடத்தைக் கரியில் ஏறத்தாழ ஒட்டாத ஹீலியத்தால் முன்பே அளந்துகொள்ளலாம்.) முதல் கலத்தில் 2 வளிமண்டல அழுத்தத்தில் வாயு, இரண்டாவதில் வெற்றிடம். வால்வைத் திறந்தால், கவர்ச்சி எதுவும் இல்லாவிடில் அழுத்தம் 1 ஆக நிற்க வேண்டும். அது 0.7-இல் நின்றால்? காணாமற்போன 0.3-ஐ மொத்த இடமாகிய 200-ஆல் பெருக்குங்கள். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 60 கன சென்டிமீட்டர் வாயுவைக் கரி பிடித்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான்! அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இதே கணக்கைப் போட்டுப் புள்ளிகளைக் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். வெப்பநிலை மாறாமல் எடுத்த அந்தக் கோடுதான் கரியின் ஜாதகம்.

ஜாதகத்தைப் பார்த்துப் பலன் சொல்ல ஒரு சூத்திரம் வேண்டாமா? அதை 1910-களில் தந்தவர் அமெரிக்க அறிஞர் லாங்மூர். டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிலர் ஏறுகிறார்கள், சிலர் இறங்குகிறார்கள். ஏறுவோர் தொகை, வெளியே நிற்கும் கூட்டத்தையும் உள்ளே காலியாக உள்ள இருக்கைகளையும் பொறுத்தது. இறங்குவோர் தொகை, உட்கார்ந்திருப்போரைப் பொறுத்தது. இரண்டும் சமமாகும்போது பஸ்ஸில் ஆள் கணக்கு நிலைத்துவிடும். கூட்டம் என்பது அழுத்தம். இருக்கை என்பது கரியின் பரப்பில் ஓர் இடம். கூட்டம் பெருகப் பெருக முதலில் வேகமாக நிரம்பும். பிறகு இருக்கை குறையக் குறைய மெதுவாகும். கடைசியில் எவ்வளவு முண்டினாலும் இடமில்லை.

விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள் இவை. பென்சிலும் தாளும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். அழுத்தம் 1, 2, 4, 10 என்று ஏறும்போது கரி கவர்ந்தது 2, 3, 4, 5 என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தைக் கவர்ந்த அளவால் வகுங்கள்: 0.5, 0.67, 1, 2. இவற்றை அழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வருகிறது. அழுத்தம் ஒன்று கூடினால் கோடு ஆறில் ஒரு பங்கு ஏறுகிறது. அந்த ஆறுதான் விடை! கரியில் மொத்த இடம் 6. நாம் 5-க்கு மேல் அளக்கவேயில்லை. ஆனாலும் 6 என்று கணக்கு சொல்கிறது. அளவும் கணக்கும் கைகோத்தால் போகாத இடத்துக்கும் போய்வரலாம்.

1938-இல் புருனௌர், எம்மட், டெல்லர் மூவரும் இதை ஒருபடி நீட்டினார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தவர் மடியில் பிள்ளை உட்காருவதுபோல், ஒட்டிய மூலக்கூற்றின்மேல் இன்னொன்று ஒட்டலாம் அல்லவா? அதையும் கணக்கில் சேர்த்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் நைட்ரஜனைச் செலுத்தி, ஓர் அடுக்கு நிரம்ப எவ்வளவு வேண்டும் என்று கண்டு, ஒரு மூலக்கூறு அடைத்துக்கொள்ளும் இடத்தால் பெருக்கினால் பரப்பு வந்துவிடுகிறது. ஒரு கிராமில் 1000 சதுர மீட்டர் உள்ள கரிக்கு, அந்த ஓர் அடுக்கு ஏறத்தாழ 230 கன சென்டிமீட்டர் நைட்ரஜன். நாம் காணும் தாள்களில் உள்ள எண் பெரும்பாலும் இவ்வழியில் வந்ததே.

சூத்திரத்துக்கும் ஒரு எச்சரிக்கை

ஆனால் சூத்திரத்தையே தெய்வமாக்கிவிடக் கூடாது. லாங்மூரின் பஸ்ஸில் எல்லா இருக்கையும் ஒரே மாதிரி. கரியில் அப்படியில்லை, குறுகிய துளை இறுகப் பிடிக்கும், அகன்ற துளை தளரப் பிடிக்கும். மிகக் குறுகிய துளையில் அடுக்கு என்ற பேச்சே பொருந்தாது. துளை மொத்தமாக நிரம்பிவிடுகிறது. அதனால்தான் ரஷ்ய அறிஞர் துபீனின் 1947-இல் ரதுஷ்கேவிச்சோடு சேர்ந்து துளை நிரம்பும் கணக்கை வகுத்தார். இன்று கணிப்பொறியில் துளைச் சுவரைக் கட்டி, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கிறார்கள். எந்தச் சூத்திரமும் வளைகோட்டோடு பொருந்தும்படி செய்துவிடலாம். பொருந்தியதாலேயே அது உண்மையாகிவிடாது.

எங்கள் தீவுகளுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண் அது. காற்றில் எந்நேரமும் ஈரம். காற்றின் ஈரப்பதம் பாதிக்குக் கீழே இருக்கும்வரை கரி நீராவியை அதிகம் சீண்டுவதில்லை. அதைத் தாண்டினால் துளைகள் விறுவிறுவென நீரால் நிரம்பிவிடுகின்றன. உலர்ந்த வாயுவில், குளிர்நாட்டு ஆய்வகத்தில் எடுத்த எண் போர்ட் பிளேயரின் ஆடி மாதத்தில் செல்லாது. மேலும், வாயு ஒட்டும்போது வெப்பம் பிறக்கிறது. உருளையை அவசரமாக நிரப்பினால் கரி சூடாகி, கவரும் அளவு குறைந்துவிடும். எனவே இந்த எண்களை அந்த வெயிலிலும் அந்த ஈரத்திலும் வைத்து எடுக்க வேண்டும். அதை யார் எடுப்பார்கள்? அந்த ஈரத்தில் வாழ்கிறவர்கள்தான்.

என் யோசனை

ஒன்று: போர்ட் பிளேயரில் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயம் இருக்கிறது, புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் அவ்வூரில் ஒரு வளாகம் உண்டு. அங்கே மாணவர்களே கைப்படக் கட்டிய ஓர் அளவைக் கருவி வேண்டும். திரவ நைட்ரஜனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 0 டிகிரியில் கரியமில வாயுவைச் செலுத்தி நுண்துளைகளை அளப்பது உலகம் ஒப்புக்கொண்ட முறை. அந்த 0 டிகிரிக்கு என்ன வேண்டும்? உருகும் பனிக்கட்டி. மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கூடை வாங்கினால் போதும்!

இரண்டு: எண்ணை மட்டும் வாங்காதீர்கள், அதன் பிறப்பையும் கேளுங்கள். எந்த வாயு, எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம் உலர்த்தியது, எத்தனை புள்ளி, எந்தச் சூத்திரம். இந்த ஐந்தும் இல்லாத எண்ணை நம் ஆய்வேட்டில் எழுதமாட்டோம் என்று நாம் உறுதி கொள்ளலாம். இதற்குக் காசு செலவில்லை.

மூன்று: ஒரே புட்டிக் கரியை மூன்றாகப் பங்கிட்டு அந்தமானிலும் கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள தமிழ் மாணவர்கள் தனித்தனியே அளந்து, விடைகளைத் தமிழில் எழுதி ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? எண்கள் வேறுபட்டால் ஏன் என்று தேடுவோம். பரப்புக் கவர்ச்சியா புறத்துறிஞ்சலா என்ற சொல் வழக்கும் அப்போது தானாகத் தீரும். கலைச்சொல் குழுவில் தீராத சண்டை, ஒரு மேசையில் சேர்ந்து வேலை செய்தால் தீர்ந்துவிடும்.

இதை மறுப்போர் இருப்பார்கள். "தீவுச் சிரட்டை எவ்வளவு? தொழிற்சாலைக்குப் போதுமா?" என்பார்கள். போதாமல் இருக்கலாம். நான் தொழிற்சாலை கேட்கவில்லை, அளவு கேட்கிறேன். அளந்து பார்த்துத் தேறவில்லை என்றால், தேறவில்லை என்று எழுதிவிட்டு அடுப்புக்கே அனுப்புவோம். அதுவும் ஓர் இலாபம். அளக்காமல் ஆலை கட்டி நஷ்டப்படுவதைக் காட்டிலும் மலிவு. "குழியில் கரி சுட்டால் புகையும் கழிவுநீரும் வருமே" என்பார்கள். வரும். தமிழ்நாட்டுக் கிராமங்களே அதற்குச் சாட்சி. ஆகையால் புகையை எரித்து அடக்கும் உலை இல்லாமல் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. "நிக்கோபார் தோப்பை நாம் எப்படித் தொடுவது?" என்பார்கள். தொடக் கூடாது என்பதே என் விடையும். பழங்குடியினர் பாதுகாப்புக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மேலே நியாயம் இருக்கிறது. தோப்பு அவர்களுடையது, சிரட்டை அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. கற்றுக்கொள்ள விரும்பி அவர்கள் பிள்ளை வந்தால் அழுத்தமானியை அவன் கையில் கொடுப்பதே நம் வேலை. மாநக்கவாரம் என்று பெருமை பேசுகிறவர்களுக்கு இந்த முறை தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற விடுமுறையில் என் தந்தையாரிடம் நான்கு கிராமில் ஓர் ஏக்கர் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கரித்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாக் கரியிலுமா?" என்று கேட்டார். "இல்லை, அளந்து பார்க்க வேண்டும்" என்றேன். "அப்படியானால் அளந்து சொல்" என்றார்.

எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் ஒன்றும் வேண்டாம். ஆனால் தனியொருவன் அளந்து தீராது. உங்களில் யார் யார் வருகிறீர்கள்?

— தீவு மாணவன், எம்.எஸ்ஸி. (இரசாயனம்)